மதுரையில ஆளை உக்கார வச்சு வரைய ஒரு ஏற்பாடு பண்ணலாமா? போட்டோ பார்த்து வரைஞ்சா போதுமா?

மாசி வீதி:

வணக்கம் மக்களே. மதுரைல இருந்து எழுதுறேன். புத்தகத்துக்கும் பத்திரிகை கதைக்கும் படம் போடுறதுதான் எனக்கு தொழில், அதுல முக்கால்வாசி குழந்தைங்க புத்தகம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இங்க கேட்டுடலாம்னு இழைய ஆரம்பிக்கிறேன்.

எங்க கூட்டம் சின்னது. ஞாயித்துக்கெழம காலைல மகாலு, தெப்பக்குளம், கீழக்குயில்குடி சமணர் மலைன்னு எங்கயாவது கூடி வரைவோம், முடிச்சதும் நோட்ட எல்லாம் தரைல பரப்பி வச்சு ஒருத்தர் வரைஞ்சத ஒருத்தர் பார்த்து பேசுவோம், அப்புறம் டீ. அதெல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா நோட்ட பொரட்டி பார்த்தா தூணு, வளைவு, கோபுரம், மறுபடி தூணு. மனுசன் எங்கயாச்சும் ஓரத்துல அளவுக்காக ஒரு கோடு கிழிச்ச மாதிரி நிப்பான், அவ்வளவுதான். எனக்கு பொழப்பே மனுசங்கள வரையறதுல இருக்கு.

சமீபத்துல ஒரு கதைக்கு பாட்டி குத்தவச்சு உக்காந்து அருவாமணைல மீன் நறுக்குற மாதிரி படம் கேட்டாங்க. நெட்ல தேடினா ஜிம்முல குந்தி எந்திரிக்கிற வெள்ளக்காரங்க போட்டோவும் யோகா போஸும்தான் வருது. நம்ம பாட்டி உக்கார்றது வேற மாதிரி, ஒரு முட்டி மேல, ஒரு முட்டி கீழ, கால் கட்டைவிரல் அருவாமணைய அழுத்திப் பிடிச்சிருக்கும், சேலை ரெண்டு தொடைக்கும் நடுவுல சொருகி இருக்கும். அந்த உடம்ப நேர்ல பார்த்து வரையாம எப்படி போடுறது? கடைசில எங்க அத்தைய கூப்பிட்டு உக்கார வச்சு வரைஞ்சேன், படம் நல்லா வந்துச்சு. அதுல இருந்து யோசிக்கிறேன், இத ஏன் ஒழுங்கா வாராவாரம் பண்ணக்கூடாது? மாடல் வச்சு வரையறது ஓவியக் கல்லூரி சுவத்துக்குள்ள மட்டும்தானா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

எழும்பூர் வாசல்:

நல்ல கேள்வி தம்பி. நான் சென்னை ஓவியக் கல்லூரில படிச்சவன், பெயின்டிங். 1850ல அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் சொந்தமா ஆரம்பிச்சு ரெண்டு வருசத்துல அரசாங்கம் எடுத்துக்கிட்ட பள்ளிக்கூடம் அது, பெரியமேட்டுல அந்த செவப்பு கட்டடம் இன்னும் நிக்குது. எங்க காலத்துல மாடலா வந்து உக்காந்தவங்க பெரும்பாலும் வயசான கூலி ஆளுங்கதான். அவங்க மொகத்துல இருக்கற சுருக்கம், கழுத்து நரம்பு, நடு முதுகு எலும்பு, இத வரைஞ்சு வரைஞ்சுதான் கை வந்துச்சு எங்களுக்கு.

மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்கில்ல, நாலு பேரு பாறைய நெம்புறது, 1959ல வச்சது. அத செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி நம்ம கல்லூரில முதல் இந்திய முதல்வரா இருந்தவரு. அந்தச் சிலைக்கு மாடலா நின்னது கல்லூரியோட ராத்திரி வாட்ச்மேனும் ஒரு மாணவரும். யோசிச்சு பாருங்க, ஒரு ஊரே தினம் பார்க்குற சிலையில இருக்கறது ஒரு வாட்ச்மேனோட தோளு. மாடல்னா எங்கயோ இருந்து வரணும்னு இல்ல, பக்கத்துல நடமாடுற ஆளுதான்.

போட்டோ போதுமான்னு கேட்டா, போதாது. கேமராவுக்கு ஒரு கண்ணு, நமக்கு ரெண்டு. போன்ல கிட்ட நின்னு எடுத்தா முன்னாடி நீட்டிட்டு இருக்கற முட்டி தலைய விட பெருசா விழும், நாம அத அப்படியே காப்பி பண்ணுவோம், படம் பார்க்க ஏதோ நெருடும், ஏன்னு புரியாது. நிழல் பக்கம் மொத்தமா கருப்பா போயிருக்கும், அங்க தசை எப்படி திரும்புதுன்னு தெரியாது. எல்லாத்துக்கும் மேல, உயிரோட இருக்கற ஆளு மூச்சு விடுவாங்க, எடைய ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்துவாங்க. அந்த மாத்துறது எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு கண்ணு பார்த்துடும். போட்டோவுல அது கெடையாது.

தாமிரபரணி:

அண்ணாச்சி, கொஞ்சம் மறுத்து பேசுதேன், கோவிச்சுக்காதீக. நான் வேலைக்கு போயிட்டு ராத்திரி வரையுற ஆளு. இப்ப போன்லயே முப்பரிமாண பொம்மைய எந்த போஸ் வேணும்னாலும் திருப்பி வச்சுக்கலாம், லைட்ட எந்தப் பக்கம் வேணும்னாலும் மாத்தலாம். யூடியூப்ல நேரம் வச்சு போஸ் மாறுற வீடியோ எக்கச்சக்கமா கெடக்கு. இதுக்கு மேல ஒரு ஆள கூப்பிட்டு காசு குடுத்து உக்கார வைக்கணுமா? இன்னொன்னு, இப்படி ஆள நேர்ல வச்சு வரையறத லைஃப் டிராயிங்னு சொன்னாலே வீட்ல துணி இல்லாம வரையறதான்னு கேட்காவ. நம்ம ஊர்ல இது சரிப்படுமா? உண்மையாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்.

இன்னொரு விசயம். ஓவியர் ஆதிமூலம் 1969ல காந்தி நூற்றாண்டுக்கு வரைஞ்ச கோட்டோவியங்கள் இருக்குல்லா, காந்தி சாகும்போது ஆதிமூலத்துக்கு பத்து வயசு கூட ஆகல. நேர்ல உக்கார வச்சா வரைஞ்சாரு?

நொய்யல் கரை:

தாமிரபரணி அண்ணா, ஆதிமூலம் உதாரணம் உங்க பக்கம் நிக்கறதில்லைங்க, எங்க பக்கந்தான் நிக்குது. அவரு சென்னை கல்லூரில வருசக்கணக்கா ஆள பார்த்து வரைஞ்சு கைய பழக்கிட்டு வந்தவருங்க. அதுக்கப்புறம் காந்திய வரையறப்போ அந்த கோடு எங்க அழுத்தணும் எங்க விட்டுடணும்னு கைக்கு தெரிஞ்சிருக்கு. நாலஞ்சு கோட்டுல முதுகு வளைஞ்சு நடக்குற ஒரு மனுசன் வந்துடறாரு. படத்தை மட்டும் பார்த்து பழகின கைக்கு அந்த விட்டுடற தைரியம் வராதுங்க, எல்லாத்தையும் வரைஞ்சு வச்சுடும்.

துணி விசயத்துக்கு வர்றேன். கோயமுத்தூர்ல நாங்க பொம்பளைங்க சில பேரு சேர்ந்து ஒரு டியூஷன் சென்டரோட மாடில மாசத்துல ரெண்டு நாள் வரையறோம். முழுக்க துணியோடதான். புடவை, வேட்டி, சுடிதார், லுங்கி, எது வேணும்னாலும். கல்லூரில உடற்கூறு படிக்கறவங்களுக்கு துணியில்லாத மாடல் தேவைப்படும், அது அவங்க படிப்பு, அதுல அசிங்கம் ஒண்ணும் இல்லைங்க. ஆனா கதைக்கு படம் போடற நமக்கு துணி போட்ட உடம்புதான் பெரிய பாடம். புடவை மடிப்பு சும்மா கோடு கோடா விழறதில்ல. எங்க இழுபடுதோ அங்க இருந்து கெளம்பும். இடுப்புல சொருகின இடம், தோள்ல பின் குத்தின இடம், உக்காந்தா முட்டி, இந்த மூணு இடத்த பார்த்துட்டீங்கன்னா மடிப்பெல்லாம் தானா வரிசைக்கு வந்துடும். காட்டன் புடவை முட்டுல உடைஞ்சு மூலை மூலையா நிக்கும், சில்க் காட்டன் வழியும். பொம்மை ஆப்ல இதெல்லாம் எங்கீங்க இருக்கு?

நாங்க பண்ற முறைய சொல்றேன், யாருக்காவது உதவும். மொதல்ல அரை நிமிச போஸ் கொஞ்சம், அப்புறம் ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், அஞ்சு நிமிசம், கடைசில இருபது நிமிசம் ஒண்ணோ ரெண்டோ. அரை நிமிசத்துல மொகம் கை விரலெல்லாம் வரைய முடியாதுங்க, வரையவும் கூடாது. தலைல இருந்து எடை தாங்கற பாதம் வரைக்கும் ஒரு ஓட்டம் இருக்கும், அத ஒரே கோட்டுல பிடிக்கணும். புதுசா வர்றவங்க கண்ணுல இருந்து ஆரம்பிப்பாங்க, நேரம் முடியறப்போ பேப்பர்ல ஒரு கண்ணும் பாதி மூக்கும் இருக்கும். நாலஞ்சு வாரம் வந்தாங்கன்னா தானா கை முதுகுத்தண்டுக்கு போயிடும். நேரம் கம்மியா இருக்கறதுதான் அங்க வாத்தியார்.

குடந்தை களிமண்:

நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில சிற்பம் படிக்கிறேன். பெரியவங்க பேசுற எடத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன். மதுரைல இருந்துக்கிட்டு மாடல் இல்லன்னு சொல்றது எனக்கு ஆச்சரியமா இருக்கு. கோயில் தூண் ஒவ்வொண்ணுலயும் ஆள் நிக்குது. மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல புது மண்டபத்துல இருக்கற சிலைங்கள விட நல்ல மாடல் எங்க கெடைக்கும், அசையாது, காசு கேக்காது.

எடை எங்க நிக்குதுன்னு படிக்கறதுக்கு சிலைதான் முதல் பாடம்னு எங்க வாத்தியார் சொல்லுவார். சமபங்கத்துல ரெண்டு கால்லயும் எடை சமம், நேரா நிக்கும். அபங்கத்துல லேசா ஒரு பக்கம் சாயும். திரிபங்கத்துல தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்னு மூணா வளையும். எடை தாங்குற கால் பக்கம் இடுப்பு மேல ஏறும், அதே பக்கம் தோள் எறங்கும், தொண்டக்குழில இருந்து ஒரு நூல் விட்டா எடை தாங்குற பாதத்துக்கிட்ட வந்து விழும். பஸ் ஸ்டாப்புல இடுப்புல குழந்தைய வச்சுக்கிட்டு நிக்கிற அம்மாவும் அப்படித்தான் நிக்கிறாங்க, சோழர் காலத்து செப்புத் திருமேனியும் அப்படித்தான் நிக்குது.

சுவாமிமலைல செப்புச் சிலை வார்க்கிற ஸ்தபதிங்க தென்னை ஓலைய சிலை உயரத்துக்கு நறுக்கி, அளவு கணக்குப்படி மடிச்சு வச்சுப்பாங்க, ஒடியோலைன்னு பேரு. மெழுகுல உருவம் பிடிக்கிறப்போ ஸ்கேல் எல்லாம் கெடையாது, அந்த ஓலைதான். சிலை உயரத்த பிரிக்கிற கணக்குக்கு தாளம்னு பேரு, உத்தம தசதாளம்னா மொத்த உயரம் 124 அங்குலம், நவதாளம்னா 108. இங்க அங்குலம்னா இன்ச் இல்ல, சிலை உயரத்துல ஒரு பங்கு. நான் அத பார்த்ததுக்கு அப்புறம் அளவு விசயத்துல என் பயம் போயிடுச்சு.

ஓவியர் சில்பி கூட கோயில் கோயிலா போயி சிலைக்கு முன்னாடி உக்காந்துதானே வரைஞ்சார். ஆனந்த விகடன்ல தென்னாட்டுச் செல்வங்கள்னு வந்தது அப்படித்தானே.

எழும்பூர் வாசல்:

களிமண் தம்பி, நீ சொன்னது அத்தனையும் சரி, சிலை பார்த்து வரையறது பெரிய படிப்பு. சென்னைல இருக்கறவங்க எழும்பூர் மியூசியத்துல செப்புத் திருமேனி இருக்கற பகுதிக்கு போங்க, திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னா ஒத்தக் கால்ல ஒரு உடம்பு எப்படி சமநிலைல நிக்குதுன்னு புரியும். வெள்ளிக்கிழமை லீவு, மத்த நாள்ல போங்க.

ஆனா சிற்பி ஏற்கனவே முடிவு பண்ணிட்டான் தம்பி. எந்த எலும்ப மறைக்கணும், எந்த வளைவ நீட்டணும், எல்லாம் அவன் பார்த்து வச்சது. சில்பி வரைஞ்சதே அந்த முடிவ பதிவு பண்ணத்தான், சிலை எப்படி இருக்கோ அப்படி. மாசி வீதிக்கு வேண்டியது வேற. மீன் நறுக்குற பாட்டியோட உடம்ப யாரும் இன்னும் முடிவு பண்ணி வைக்கல, அவருதான் பண்ணணும். தோள் எறங்கி, வயிறு மடிஞ்சு, முட்டி வலியால ஒரு பக்கமா சாஞ்சு உக்கார்ற உடம்புக்கு தாளக் கணக்கு கெடையாது.

அளவு பத்தி ஒண்ணு. தாளம்னா மொகத்தோட நீளம், நெத்தில மயிர் தொடங்குற எடத்துல இருந்து தாடை வரைக்கும். தலை மொத்தமும் இல்ல. இத மாத்தி எடுத்துக்கிட்டு பத்து தலை உயரத்துல ஆள் போடுற பசங்கள நான் பார்த்திருக்கேன். நேர்ல நிக்கிற பெரியவங்க ஏழு, ஏழரை தலைதான் வருவாங்க. குழந்தைங்க புத்தகம் போடுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு வயசுக் குழந்தை நாலு தலை, மூணு வயசுல அஞ்சு கிட்ட. பெரிய ஆள சின்னதா சுருக்கி வரைஞ்சா குழந்தை ஆகாது, குள்ளமான பெரியவர் ஆயிடும்.

மாசி வீதி:

அய்யா, இதுதான் இதுதான். எனக்கு சொல்லத் தெரியாம இருந்தத சொல்லிட்டீங்க. களிமண் தம்பிக்கு ஒரு தகவல், புது மண்டபத்துல முன்னாடி எல்லாம் தூணுக்கு தூணு தையல் மெஷின் போட்டு தைப்பாங்க, பித்தளப் பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் இருக்கும். கல்லுல செதுக்கின நாயக்கர் ராஜா ஒருத்தர் கைகூப்பி நிப்பாரு, அவரு காலடியில தையக்காரர் குனிஞ்சு ஊசில நூல் கோப்பாரு. எனக்கு ரெண்டு பேரும் வேணும், ஆனா ரொம்ப வேணும்னா அந்த தையக்காரர்தான் வேணும். இப்ப கடைங்கள எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க.

வெள்ளைத் தாள்:

எல்லாரும் மாடல் மாடல்னு பேசுறீங்க, தெருவுல உக்காந்து வரையறத பத்தியும் பேசுங்களேன். கேப்ரியல் காம்பனாரியோன்னு அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல ஒரு பத்திரிகைக்கார ஓவியர் 2007ல ஆரம்பிச்ச அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம் உலகம் பூரா இருக்கு. இடத்துல உக்காந்து, நேர்ல பார்த்து, பார்த்தத உண்மையா வரையணும், அதுதான் அவங்க முக்கியமான விதி. நான் அத பிடிச்சுக்கிட்டு தினமும் பஸ்லயும் ஸ்டேஷன்லயும் வரையறேன். மதுரைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் இருக்கு, விடிகாலைல போனா மல்லிகைய குமிச்சு வச்சு கட்டுறவங்க, மூட்டை தூக்குறவங்க, ஏலம் விடுறவங்கன்னு ஆயிரம் போஸ் கெடைக்கும், காசில்லாம. தூங்குறவங்க இன்னும் வசதி, அசையவே மாட்டாங்க.

நொய்யல் கரை:

வெள்ளைத் தாள், மார்க்கெட்ல வரையறது அருமையான பழக்கங்க, நானும் பண்றேன். ஆனா அந்த கடைசி வரி எனக்கு ஒப்பலைங்க. தூங்கறவங்கள வரையாதீங்க. பிளாட்பாரத்துல படுத்திருக்கறவங்க, ஆஸ்பத்திரில காத்திருக்கறவங்க, பிச்சை கேக்கறவங்க, இவங்களுக்கு எந்திரிச்சு போறதுக்கோ வேண்டாம்னு சொல்றதுக்கோ வழி இல்லைங்க. நம்ம பழகறதுக்கு அவங்க கஷ்டத்த எடுத்துக்கக் கூடாது.

நான் மார்க்கெட் போனா மொதல்ல பூ வாங்குவேன், அக்கா கொஞ்ச நேரம் இங்க உக்காந்து வரைஞ்சுக்கட்டுமான்னு கேப்பேன். வேண்டாம்னா வேற கடை. சரின்னா அவங்க வேலைய அவங்க பார்ப்பாங்க, நான் என் வேலைய பார்ப்பேன். பூ கட்டற கை திரும்பத் திரும்ப அதே அசைவுக்கு வரும், அதனால ஒரே நேரத்துல மூணு நாலு படம் பக்கம் பக்கமா ஆரம்பிச்சு வச்சுட்டு, எந்த நிலைக்கு கை வருதோ அந்தப் படத்துல தொடருவேன். அசையற ஆள வரைய எனக்கு தெரிஞ்ச நல்ல வழி இதுதாங்க. முடிச்சதும் கட்டாயம் காட்டுவேன். ஒரு அம்மா பார்த்துட்டு என் தாலிய விட்டுட்டியே கண்ணுன்னாங்க, அங்கயே போட்டுக் குடுத்தேன்.

பொம்பளைங்க தனியா தெருவுல உக்காந்து வரையறது பத்தியும் சொல்லியாகணும். நோட்ட எடுத்த அஞ்சாவது நிமிசம் பின்னாடி நாலு பேரு நிப்பாங்க. ஒருத்தர் பேரு கேப்பாரு, ஒருத்தர் ஊரு கேப்பாரு, ஒருத்தர் என்னைய வரைம்பாரு. சில நாளைக்கு அது சந்தோசம், சில நாளைக்கு பயம். அதனாலதான் நாங்க கூட்டமா போக ஆரம்பிச்சோம். சுவத்துல முதுகு வச்சு உக்காந்தா பின்னாடி யாரும் நிக்க முடியாது, இத புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொத நாளே சொல்லிடுவோம். இப்படி ஒரு கூட்டம் இருந்தாத்தான் பாதிப் பேரு வீட்ட விட்டு வெளிய வந்து வரையவே முடியும், அதனால மாசி வீதி, நீங்க ஆரம்பிக்கறது பெரிய விசயங்க.

வெள்ளைத் தாள்:

நொய்யல் கரை அக்கா சொல்றது நியாயம். தூங்குறவங்கள இனிமே விட்டுடறேன். நாலு படம் பக்கம் பக்கமா ஆரம்பிக்கிற முறை எனக்கு புதுசு, நாளைக்கே பஸ்ல பண்ணி பார்க்கறேன்.

மேடைக்குப் பின்னால்:

நான் ஓவியன் இல்ல. நாடகத்துல நடிக்கிறவன், வருமானத்துக்காக சில வருசம் ஓவிய வகுப்புகளுக்கு மாடலா போய் உக்காந்திருக்கேன். இந்த இழைல அந்தப் பக்கத்துல இருந்து யாரும் பேசலையேன்னு எழுதுறேன்.

வரையறவங்களுக்கு இருபது நிமிசம்ங்கிறது சீக்கிரம் போயிடும். கைய தூக்கி வச்சிருக்கறவனுக்கு ரெண்டாவது நிமிசத்துலயே தோள் எரிய ஆரம்பிக்கும், அஞ்சாவது நிமிசத்துல விரல் மரத்துடும். நிக்கிற போஸ்னா எடை ஒரே கால்ல இருந்தா முட்டி பூட்டிக்கும், சில பேருக்கு தலை சுத்தும். அதனால நின்னா எவ்வளவு நேரம் தாங்கும், கைய தூக்கினா எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிறத மாடல்தான் சொல்லணும், வரையறவங்க சொல்லக்கூடாது. இருபது நிமிசத்துக்கு ஒரு தடவ அஞ்சு நிமிசம் ஓய்வு கட்டாயம் குடுங்க. மறுபடி அதே போஸுக்கு வரணும்னா ஓய்வுக்கு முன்னாடி பாதம் இருக்கற எடத்தையும் கை ஊனின எடத்தையும் சாக்பீஸால தரைல குறிச்சுக்கோங்க. கண்ணு எங்க பார்க்குதுன்னு சுவத்துல ஒரு புள்ளி வச்சுக் குடுத்தா கழுத்து தானா பழைய எடத்துக்கு வந்துடும்.

ஒரு எடத்துல, பேரு வேண்டாம், நான் உக்காந்திருக்கும்போதே ஒருத்தர் வந்து என் தாடையப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்பினார். கேக்கக்கூட இல்ல. இன்னொரு நாள் ஓய்வு நேரத்துல யாரோ போன்ல படம் எடுத்துட்டாங்க. காசு மூணு மாசம் கழிச்சு வந்துச்சு. இதெல்லாம் நடக்கக்கூடாதுன்னா மூணு விசயம் மொத நாளே சத்தமா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தொடக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, காசு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கைல குடுக்கணும். எவ்வளவுன்னு கேட்டா, அந்த ஊர்ல அரை நாள் கூலிக்கு போனா என்ன கெடைக்குமோ அதுக்கு கொறையக்கூடாது. சும்மா உக்காந்துதான இருக்கீங்கன்னு யாரும் சொல்லாதீங்க, அது உடம்பு உழைப்பு.

நல்ல எடமும் பார்த்திருக்கேன். ஒரு வகுப்புல முடிஞ்சதும் எல்லாரும் நோட்ட என் முன்னாடி கொண்டு வந்து வச்சாங்க. என் முதுகு எப்படி இருக்குன்னு நான் அன்னிக்குத்தான் பார்த்தேன், பதினஞ்சு விதமா. அதுக்கப்புறம் மேடைல முதுகக் காட்டி நிக்கிற காட்சிய நான் நடிக்கிற விதமே மாறிடுச்சு. மாடலுக்கும் இதுல கத்துக்கறதுக்கு இருக்கு. அதனால நடிகர்கள, கூத்துக்காரங்கள, சிலம்பம் ஆடுறவங்கள, ஒயிலாட்டம் ஆடுறவங்கள கூப்பிடுங்க. அவங்களுக்கு உடம்ப நிறுத்தத் தெரியும்.

தாமிரபரணி:

மேடைக்குப் பின்னால், இத எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நான் கேட்ட கேள்விக்கு இதான் பதில்னு நெனைக்கேன். ஆப்ல இருக்கற பொம்மைக்கு தோள் எரியாது, அதனாலதான் அத பார்த்து வரையுற கை எல்லாம் லேசா மெதக்குற மாதிரி இருக்கு, எடையே இல்ல. என் நோட்ட எடுத்து பார்த்தேன், அப்படித்தான் இருக்கு. திருநெல்வேலில இருந்து மதுரை மூணு மணி நேரந்தான், நீங்க ஆரம்பிச்சா வாரேன்.

கருங்குயில்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இப்ப கம்ப்யூட்டரே படம் போட்டுக் குடுக்குதே, பதிப்பகங்கள் அட்டைப்படத்துக்கு அத உபயோகிக்க ஆரம்பிச்சாச்சு. இந்த நேரத்துல இவ்வளவு மெனக்கெடணுமா? நான் இப்பதான் இந்தத் தொழிலுக்கு வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், பயமா இருக்கு.

எழும்பூர் வாசல்:

வாம்மா. பயம் நியாயமானது, வேலை கொறைஞ்சிருக்கறது நெஜம், அத மறைச்சு உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனா மாசி வீதி மொதல்ல எழுதினத மறுபடி படி. பாட்டி அருவாமணைய எந்த விரலால பிடிப்பாங்கன்னு தேடினா அவருக்கு கெடைக்கல. மெஷினும் அதே குவியல்ல இருந்துதான் எடுக்குது, குவியல்ல இல்லாதது அதுக்கும் தெரியாது. நம்ம ஊர் உடம்பு, நம்ம ஊர் உக்கார்ற விதம், வேட்டிய மடிச்சுக் கட்டுறப்போ இடது கை முட்டிக்கிட்ட போய் விளிம்ப பிடிக்கிற விதம், இத பார்த்து பார்த்து வரைஞ்சு வச்சிருக்கறவங்க இப்ப ரொம்பக் கொஞ்சம். பத்திரிகை ஓவியர் கோபுலுவோட சிரிப்புப் படங்கள எடுத்து பாரு, ஈசி சேர்ல சாஞ்சிருக்கற தாத்தாவ பார்த்தா அந்த நாற்காலித் துணி எவ்வளவு தொய்ஞ்சிருக்குன்னு தெரியும். அவரு பக்கவாதம் வந்து வலது கை போனதுக்கு அப்புறம் இடது கையால வரைஞ்சாரு. கண்ணு பார்த்து சேத்து வச்சது கை மாறினாலும் போகல. நீ கண்ண பழக்கு, வா.

குடந்தை களிமண்:

பொருள் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். அரை நிமிசப் படத்துக்கு நல்ல பேப்பர வீணாக்காதீங்க. அச்சகத்துல வெட்டி ஒதுக்கின துண்டுப் பேப்பர் கிலோ கணக்குல கெடைக்கும், கேட்டு வாங்குங்க. நீள போஸுக்கு மட்டும் கார்ட்ரிட்ஜ் ஷீட்னு கெட்டியான வரையற பேப்பர், கனம் 130 ஜிஎஸ்எம்முக்கு மேல இருந்தா ரப்பர் போட்டாலும் கிழியாது.

கரிக்குச்சி கடைல வாங்கணும்னு இல்ல. காளஹஸ்தில கலம்காரி போடுறவங்க புளியங்குச்சிய சுட்டுத்தான் துணில வரையறாங்க. நானும் அப்படித்தான் செய்யறேன், பென்சில் கனத்துக்கு நேரான குச்சியா ஒடிச்சு, பட்டைய உரிச்சு, காய வச்சு, மூடி போட்ட தகர டப்பாவுல நெருக்கமா அடுக்கி மூடில ஆணியால சின்னதா ஒரு ஓட்டை போட்டு நெருப்புல போடணும். ஓட்டை வழியா மொதல்ல வெள்ளைப் புகை வரும், அது நின்னதும் எடுத்து, டப்பா முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் தொறக்கணும். சூட்டோட தொறந்தா காத்து பட்டு உள்ள இருக்கறது எல்லாம் சாம்பலாயிடும். அழிக்கறதுக்கு பழைய பருத்தித் துணி போதும்.

மாசி வீதி:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஒரு முடிவுக்கு வந்துருக்கேன், எங்க கூட்டத்துலயும் பேசிட்டேன்.

மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம தெரு, மிச்ச ஞாயித்துக்கெழம மாடல். நண்பர் ஒருத்தர் வீட்டு மொட்டைமாடில தகரக் கொட்டகை இருக்கு, காலைல ஏழு மணில இருந்து ஒன்பதரை வரைக்கும்தான், அதுக்கு மேல வெயில் தாங்காது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுற மாதிரி கெழக்கால படுதா கட்டுறோம். மொத மாடல் எங்க தெருவுல சிலம்பம் சொல்லிக் குடுக்குற வாத்தியார், அறுவத்தஞ்சு வயசுக்காரர். போய்க் கேட்டதும் கம்போடவா கம்பில்லாமயான்னுதான் கேட்டாரு. எவ்வளவு நேரம் எப்படி நிப்பேன்னு அவரே சொல்லுவாரு. ரெண்டாவது மாடலா எங்க அத்தை, அருவாமணையோட.

ஆளுக்கு இவ்வளவுன்னு மொதல்லயே வசூல் பண்ணி கவர்ல போட்டு மாடல் கைல குடுத்துட்டுத்தான் ஆரம்பிப்போம். படிக்கிற பிள்ளைங்க குடுக்க வேண்டாம், சம்பாதிக்கிறவங்க சேத்துப் போட்டுக்கிறோம். போன் எல்லாம் மாடிப்படில ஒரு கூடைல கெடக்கும். முடிஞ்சதும் நோட்ட மொதல்ல மாடல் முன்னாடிதான் பரப்புவோம், அவரு பார்த்ததுக்கு அப்புறம்தான் நாங்க. மேடைக்குப் பின்னால், முடிஞ்சா நீங்க ஒரு தடவ வந்து உக்காரணும், இது அழைப்பு.

மேடைக்குப் பின்னால்:

வர்றேன். அத்தைக்கு மறக்காம மணைக்கட்டை குடுங்க, குத்தவச்சு இருபது நிமிசம் இந்த வயசுல வேண்டாம், பத்து பத்தா பிரிச்சுக்கோங்க.

கருங்குயில்:

எனக்கு இதுவரைக்கும் ஆள பார்த்து வரைஞ்ச பழக்கமே இல்ல. மதுரைதான், அனுப்பானடி. வரலாமா? என்ன எடுத்துட்டு வரணும்?

மாசி வீதி:

தாராளமா வாங்க. கிளிப் வச்ச பரீட்சை அட்டை பெரிய சைஸ்ல ஒண்ணு, 4பி பென்சிலோ மை பேனாவோ எது கைக்கு பழக்கமோ அது, ஒரு துண்டு, தண்ணி பாட்டில். துண்டுப் பேப்பர் சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்துல சொல்லி வச்சிருக்கேன், கட்டா நானே கொண்டு வந்துடுறேன். தரைல உக்கார முடியாதவங்க மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, கீழ் வீட்டுல ரெண்டு ஸ்டூல் கேட்டு வாங்கி மாடிக்கு ஏத்தணும்.